மாயாபுரியில் பழைய ஆக்ஸில் வாங்கப் போகிறவர்களுக்கு

2 வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை 4 வீல் டிரைவாக மாற்றப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். இன்ஜின் பற்றியும் டயர் பற்றியும் யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கிச் சுற்றவைக்கும் ஆக்ஸில் என்று கேட்டால் மட்டும் "மாயாபுரிக்குப் போ, கிடைக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். டெல்லியின் பழைய வண்டிப் பாகச் சந்தையான மாயாபுரியில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கிடைத்ததைக் கொண்டுவந்து வண்டியில் பூட்டுவதற்குள் எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது, 50,000 ரூபாய்க்கு மேல் வீணானது. வீட்டில் சரியான கணக்கை இன்னும் சொல்லவில்லை. டெல்லியில் நம்மவர்கள் வேறு யாராவது இதில் இறங்கினால் அந்தப் பணமாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி பழைய மஹிந்திரா பிக்கப். முன்னாலும் பின்னாலும் கமான் பட்டை ஸ்பிரிங், பின் சக்கரம் மட்டும் இழுக்கும். கியர்பாக்ஸும், இன்ஜின் இழுப்பை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அடிபட்ட ஒரு 4 வீல் டிரைவ் வண்டியிலிருந்து ஏற்கெனவே கிடைத்திருந்தன. மீதி வேண்டியது இரண்டு ஆக்ஸில். சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். போதாததற்கு டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-இல் வேறு தடை போட்டார்கள். அதனால் என் வண்டி ரோட்டில் ஓடாது. நஜஃப்கர் பக்கம் நண்பர் ஒருவரின் இடத்தில் நிற்கிறது, போகவேண்டிய இடத்துக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறோம். இந்தச் செலவு ஒத்துவராது என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

மாயாபுரிக்கு இப்போது பிங்க் லைன் மெட்ரோவிலேயே போய்விடலாம். உள்ளே போனால் சந்து சந்தாக இன்ஜினும் கியர்பாக்ஸும் கதவும் ரேடியேட்டரும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். ராணுவ ஏலத்தில் எடுத்தது, விபத்தில் போனது, வயதாகிப் பிரித்துப் போட்டது எல்லாம் ஒரே குவியலில் இருக்கும், எது எதிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. 2010 ஏப்ரலில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக்கருவி ஒன்று இங்கே வந்து, அதற்குள் இருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். அந்த அளவு ஆபத்து ஆக்ஸிலில் கிடையாது. ஆனால் பொருளோடு அதன் பூர்வீகம் வராது என்ற விதி எல்லாச் சரக்குக்கும் ஒன்றுதான். கடைக்காரர் சொல்லும் பூர்வீகத்தை ஒரு கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், விலை பேச அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குத் துணையாக இருந்தது இந்தர்புரியில் குடியிருக்கும் ஒரு வெல்டர் அண்ணன். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலேயே டெல்லிக்கு வந்தவர், மாயாபுரியில் பாதிக் கடைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். என் கதைக்குள் அவர் வந்ததே நான் முதல் ஆக்ஸிலை வாங்கிய பிறகு என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எந்த ஆக்ஸில் என்பதில் எல்லோரும் முதலில் பேசுவது பலத்தைப் பற்றி. அதில் பெரிய குழப்பம் கிடையாது. ஜிப்சி ஆக்ஸில் மலிவாகவும் நிறையவும் கிடைக்கும், ஆனால் ஜிப்சியின் எடையே சுமார் 1 டன்தான். சுமையோடு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகிற பிக்கப்புக்கு அது தாங்காது. ராணுவ 1 டன் நிஸான் ஆக்ஸில் யானை பலம்தான், ஆனால் கனமும் அப்படியே, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். நடுவில் நிற்பது டானா 44 என்கிற ஆக்ஸில் வகை. பழைய மஹிந்திரா ஜீப் வழியாக இங்கே எல்லா மெக்கானிக்குக்கும் கை பழகியது, பேரிங்கும் சீலும் கஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். அதனால் அதைத் தேடிப்போனேன். முதல் கடையிலேயே பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்துப் பின் ஆக்ஸில் ஒன்று வைத்திருந்தார்கள். ஜீப்பிலிருந்து கழற்றிய அசல் மால், எந்த மஹிந்திராவிலும் உட்காரும் என்றார் கடைக்காரர். 24,000 ரூபாய்க்கு முடித்து டெம்போவில் ஏற்றிவிட்டேன்.

பட்டறையில் இறக்கி வைத்ததும் வெல்டர் அண்ணன் சுற்றி வந்து பார்த்தார். "தம்பி, இந்த உருண்டை வலது பக்கம் தள்ளி இருக்குது. உன் வண்டியில ஷாஃப்ட் நடுவுல வருது. எப்படிப் பூட்டப்போற?" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. உருண்டை என்று அவர் சொன்னது டிஃபரன்ஷியலை, அதாவது சுழற்சியை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் பாகத்தை. ஷாஃப்ட் என்றது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அதற்கு வரும் தண்டை. வில்லிஸ் காலத்து ஜீப்பில் இருக்கும் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டும் வலது பக்கமாகத்தான் வெளியே வரும். அதற்கேற்ப பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலும் நடுவில் இல்லாமல் வலது பக்கம் தள்ளி இருக்கும். என்னுடையது போன்ற புதிய வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் பின் ஷாஃப்ட் கியர்பாக்ஸின் நேர்கோட்டில் வரும், முன் ஷாஃப்ட் மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி வரும். இரண்டையும் கலந்தால் ஷாஃப்ட் குறுக்கே கோணலாக ஓடி, அதன் மூட்டான கிராஸ் அடிக்கடி போகும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். கடைசியில் இன்னொரு கடையில் 11,000 ரூபாய்க்குத் தள்ளினோம். அன்று மாலை மெட்ரோவில் வரும்போது எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். பாஷை தெரியாதவன், மதராசி என்று பார்த்துத்தான் தலையில் கட்டினார்களோ என்று வெகுநேரம் பொருமினேன். பிறகு பார்த்தால் பஞ்சாபிக்காரர்களுக்கும் அதே மரியாதைதான் நடக்கிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து எந்த ஷாஃப்ட் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். முன் ஆக்ஸிலில் இது இன்னும் கறார். பக்கம் மாறினால் ஒன்றுமே செய்ய முடியாது. ஆக்ஸிலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் பக்கம் மாறிவிடுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். மாறும். சக்கரமும் எதிர்த்திசையில் சுற்றும், பின் சக்கரம் முன்னால் தள்ளும்போது முன் சக்கரம் பின்னால் இழுக்கும். படத்தோடு சில அளவுகளும் வேண்டும். ஹப்பின் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து எதிர்ப்பக்க முகம் வரை உள்ள அகலம், பட்டை உட்காரும் இரண்டு மேடைகளின் நடுவுக்கு நடு தூரம், டிஃபரன்ஷியலின் நடு வண்டியின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. மஹிந்திராவிலேயே அகலமானது, குறுகலானது என்று இரண்டும் சந்தையில் உண்டு. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் மாட்டினால் மணலில் பின் சக்கரம் தனியாக ஒரு தடம் வெட்டிக்கொண்டு போகும், இன்ஜினுக்கு அது வீண் சுமை.

சக்கரத்தைப் பூட்டும் ஸ்டட்களின் வட்ட அளவை நேராக அளக்க முடியாது. 5 ஸ்டட் ஹப்பில் ஒன்றுக்கு எதிரே இன்னொன்று இருக்காது என்பதால் டேப் வைக்க இடமில்லை. அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டின் நடுவுக்கு நடு அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 82 மில்லிமீட்டர் வந்தால் ஏறக்குறைய 139.7, அதாவது ஜீப் வகையறாவின் ஐந்தரை அங்குல வட்டம். முன் ஹப் நன்றாக வெளியே துருத்தி நிற்கும் என்பதால் ரிம்மின் நடு ஓட்டை அதற்கு இடம் கொடுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அழகான அலாய் வீல் பலதும் இங்கேதான் தோற்றுப்போகும்.

அடுத்த சுற்றில் வெல்டர் அண்ணனும் கூட வந்தார். நிறையக் கடை ஏறி இறங்கிய பிறகு, என் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பக்கம் பொருந்துகிற முன், பின் ஜோடி ஒன்று 68,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே வண்டியில் இருந்தவை, இரண்டிலும் 9/41 என்று சத்தியம் செய்தார்கள். டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுன் பினியன் விகிதத்தை இப்படிப் பல் எண்ணிக்கையில்தான் இங்கே சொல்வார்கள். 9/41 என்றால் பினியனில் 9 பல், கிரவுனில் 41, வகுத்தால் 4.56. 8/39 என்றால் 4.88. 8/43 என்றால் 5.38, பழைய ஜீப்பின் விகிதம். பின் ஆக்ஸிலின் மூடியைத் திறந்து காட்டினார்கள், 9/41 என்று கிரவுனிலேயே பொறித்திருந்தது. முன்னதைத் திறக்கச் சொன்னதற்கு, ஆயில் கொட்டும், எல்லாம் அதேதான் என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். இருட்டிக்கொண்டும் வந்தது.

மேடை வெல்டிங், ஷாஃப்ட் நீளம் வெட்டியது, பிரேக் குழாய் எல்லாம் முடிந்து வண்டி தரையிறங்கிய நாளில் எனக்குக் கால் தரையில் இல்லை. மண்ணில் நன்றாகப் போனது. பட்டறையின் சிமென்ட் தரைக்கு வந்ததும் யாரோ பிரேக்கைப் பிடித்துவைத்த மாதிரி இழுத்தது. 4 வீலில் போட்ட லீவர் திரும்ப வரவே இல்லை. கொஞ்சம் வேகம் கொடுத்ததும் அடியில் கடக் என்று ஒரு சத்தம். பின் ஷாஃப்டின் கிராஸ் போயிருந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரங்களைத் தூக்கிய பிறகுதான் லீவர் விடுபட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிமென்ட் தரையில் வளைவில் திரும்பும்போது தேவைப்படும்போது மட்டும் போடுகிற எந்த பார்ட்-டைம் 4 வீல் டிரைவும் இழுக்கத்தான் செய்யும், அது கோளாறு கிடையாது. நேராகப் போகும்போதே இழுத்தால் விகிதத்தைச் சந்தேகப்பட வேண்டும். முன் ஆக்ஸிலைத் திறந்தோம். 8/39. வித்தியாசம் 7 சதவீதம். அதாவது 100 மீட்டர் போவதற்குள் ஒரு ஜோடிச் சக்கரம் மற்றதைவிட 7 மீட்டர் கூடவோ குறையவோ சுற்றப் பார்க்கும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். கெட்டித் தரையில் சமாளிக்க வழியில்லாமல் அத்தனை முறுக்கமும் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் போய் உட்காரும். நல்லவேளை, கேஸைத் திறந்து பார்த்தபோது உள்ளே செயின் தப்பியிருந்தது. அந்த ஜோடி ஒரே வண்டியில் இருந்ததாகவே இருக்கலாம். எப்போதோ ஓர் உரிமையாளர் பின் கிரவுனை மட்டும் மாற்றியிருப்பார். இதை யார் கேட்டு யார் சொல்வது?

மூடியைத் திறக்காமலே விகிதத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வெல்டர் அண்ணன் பிறகு காட்டியது இது. ஆக்ஸிலை இரண்டு கட்டைமேல் வைத்து, ஒரு ஹப்பை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற ஹப்பிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஹப்பை 2 சுற்று சுற்றினால் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். 2 சுற்றில் நாலரைக்கும் நாலே முக்காலுக்கும் கண் ஏமாறும், அதனால் ஹப்பை 20 சுற்று சுற்றுங்கள். 9/41 என்றால் பினியன் சுமார் நாற்பத்தைந்தரை, 8/39 என்றால் ஏறக்குறைய 49. இதில் ஏமாற இடமே இல்லை. முன் ஆக்ஸிலில் சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் லாக் இருந்தால் அதை லாக் நிலையில் வைத்துத்தான் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஹப் மட்டும் சும்மா சுற்றும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சரி, எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? கணக்குப்படி பார்த்தால் இரண்டையும் 9/41 ஆக்குவதுதான் நியாயம். என் வண்டியில் முதலில் இருந்தது 10/41, அதாவது 4.1. பழைய டயர் உயரம் சுமார் 27.7 அங்குலம், புதியது 31. டயர் 12 சதவீதம் உயர்ந்தால் விகிதமும் அவ்வளவு ஏற வேண்டும், அப்படிப் போட்டால் 4.59 வருகிறது. 9/41 கச்சிதம். ஆனால் முன் ஆக்ஸிலுக்கு அந்த கிரவுன் பினியன் எங்கள் கையில் அகப்படவில்லை, பின் ஆக்ஸிலுக்கு 8/39 கஷ்மீரி கேட்டில் புதிதாகவே கிடைத்தது. ரோட்டில் வேகமாக ஓடவேண்டிய வண்டியும் இல்லையே என்று பின்னதை 8/39 ஆக்கினோம். இதில் எனக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. டானா 44-இல் 3.73-உம் அதற்குக் கீழும் என்றால் கிரவுனைத் தாங்கும் கேரியர் ஒரு வகை, 3.92-உம் அதற்கு மேலும் என்றால் வேறு வகை. 4.56-லிருந்து 4.88-க்குப் போக அதே கேரியர் போதும். 11/41, அதாவது 3.73 உள்ள ஆக்ஸிலை வாங்கிவிட்டு, பிறகு கிரவுனை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கேரியரையும் சேர்த்துத் தேட வேண்டிவரும். அங்கேயும் ஷாஃப்ட் நுனியில் வெட்டிய பல்வரிகளின், அதாவது ஸ்பிளைனின், எண்ணிக்கை குறுக்கே நிற்கும். 10, 19, 30 என்று மூன்று வகை ஆக்ஸில் ஷாஃப்ட் இருக்கிறது. கேரியருக்குள் இருக்கும் கியர் எந்த எண்ணிக்கையோ ஷாஃப்டும் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

கிரவுன் பினியன், பேரிங், ஷிம், கூலி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். கூலியில் பேரம் பேசாதீர்கள். பினியன் ஆழத்தை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, பற்களுக்கு இடையே உள்ள பேக்லாஷ் இடைவெளியை டயல் கேஜில் பார்த்து, பல்லில் நீல மை தடவிச் சுற்றி அச்சு எங்கே விழுகிறது என்று பார்த்துப் பூட்டுகிறவர் வேண்டும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு என்கிற அளவு விளையாட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தப்பாகப் பூட்டிய கிரவுன் முதலில் ஊளையிடும், அப்புறம் பல்லைத் துப்பும்.

கடையில் வைத்தே பார்க்கவேண்டிய மற்றவை. புதுப் பெயின்ட் அடித்த ஆக்ஸிலைவிடத் துருவும் மண்ணும் அப்பியது எனக்கு இப்போது அதிகம் பிடிக்கிறது. பெயின்ட்டுக்கு அடியில் பழைய வெல்டிங் தழும்பு ஒளிந்திருக்கும், முக்கியமாகக் குழாய் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் இடத்திலும் பட்டை மேடையைச் சுற்றியும். டிரெயின் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலை விரலில் எடுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் எல்லாம் துரு. மினுமினுவென்று மாவாக இருந்தால் பரவாயில்லை, நகத்தில் மாட்டுகிற செதில் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குழாய் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, பின் ஆக்ஸிலின் இரண்டு ஹப்பிலும் ஒரே அளவு நேர்ச்சட்டம் ஒன்றைப் படுக்கைவாட்டில் போல்ட் போட்டு, முன் முனைகளுக்கு இடையேயும் பின் முனைகளுக்கு இடையேயும் அளந்து பாருங்கள். பிறகு சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்தி மேலும் கீழும் அளந்து பாருங்கள். அளவுகள் ஒத்துப்போக வேண்டும். இப்படிப் பார்த்ததில் ஒரு கடையில் அரை அங்குலம் வித்தியாசம் வந்தது. அந்தக் கடைக்காரர் டேப்தான் வளைந்திருக்கிறது என்றார்!

முன் ஆக்ஸிலில் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளைப் பிடித்து மேலும் கீழும் உலுக்குங்கள், ஆடினால் கிங்பின் பேரிங் செலவு இருக்கிறது. மூடிய உருண்டை வகை நக்கிள் என்றால் உருண்டையின் மேல் குழிக்குழியாகத் துரு அரித்திருக்கிறதா பாருங்கள். அரித்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். பின் ஆக்ஸிலில் செமி ஃப்ளோட்டிங்கா ஃபுல் ஃப்ளோட்டிங்கா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஹப் முகத்தில் வட்டமாக போல்ட் போட்டு, சக்கரத்தைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் ஆக்ஸில் ஷாஃப்டை உருவ முடிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். அதில் ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் வண்டியோடு இருக்கும். செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்டே எடையையும் தாங்குகிறது, உடைந்தால் சக்கரம் தனியே போகும். என்னுடையது செமி ஃப்ளோட்டிங்தான். அதனால் ஒரு ஜோடி உபரி ஷாஃப்ட் எப்போதும் வண்டியில் கிடக்கிறது.

பட்டை மேடையைப் பற்றவைக்கும்போது ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் சூட்டில் குழாய் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். வெல்டர் அண்ணன் வண்டியில் வைத்துப் புள்ளி மட்டும் போட்டு, வண்டியைச் சொந்த எடையில் நிற்கவைத்துப் பினியன் கோணம் பார்த்து, பிறகு இறக்கி, சீலையும் ஷாஃப்டையும் கழற்றிவிட்டு, இந்தப் பக்கம் ஓர் அங்குலம் அந்தப் பக்கம் ஓர் அங்குலம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். ஒரு நாள் வேலைதான் கூடியது.

பில்லை மறக்காதீர்கள். ஆக்ஸில் எண் ஆர்சியில் வராது என்பதற்காகத் துண்டுச்சீட்டில் வாங்கி வந்தால், நாளைக்கு அது திருட்டு வண்டியின் சரக்கு என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில், முடிந்தால் பிரித்த வண்டியின் ஆர்சி நகல். பில்லில் விகிதத்தையும் எழுதச் சொல்லுங்கள். "9/41, முன்னும் பின்னும், மாறினால் திரும்ப எடுக்கப்படும்" என்று எழுத மறுக்கிற கடைக்காரருக்கு அது மாறும் என்று தெரியும். முன், பின் ஆக்ஸிலோடு ஷாஃப்ட் இரண்டும், ஸ்டீயரிங் கம்பிகளும், ஹேண்ட்பிரேக் கேபிளும், யு போல்ட்டும் ஒரே வண்டியிலிருந்து மொத்தமாகக் கிடைத்தால், பத்துப் பதினைந்தாயிரம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். தனித்தனியாகத் தேடினால் டெம்போ வாடகையே அவ்வளவு ஆகிவிடும்.

புது கிரவுன் போட்டதும் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிஃபரன்ஷியல் மூடியில் கை வைத்துப் பார்த்தோம். வைத்த கையை எடுக்கவேண்டிய அளவு சூடு வந்தால் ஆறவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றிவிட்டோம். ஜிஎல்-5 தரம்தான் ஊற்ற வேண்டும், கியர்பாக்ஸ் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றக்கூடாது. காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது, செதில் இல்லை. சிமென்ட் தரையில் நேராக ஓட்டினால் இப்போது இழுப்பதில்லை, லீவரும் ஒரு விரலில் வருகிறது. இடது முன் நக்கிளில் மட்டும் லேசாகக் கசிவு இருக்கிறது. சீல் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் இந்தர்புரி அண்ணனைக் கூப்பிட வேண்டும்.